பிரிக்காத பொட்டலம்

என் அக்கா அத்தாயியைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அம்மனைப் பகைத்துக்கொண்டு கெட்டுப்போனவள் என்கிறார்கள் ஒரு சாரார். மகனுக்கு அப்படி ஆனதும் புத்தி பேதலித்துவிட்டது, ஆளில்லாத கோயிலில் உட்கார்ந்து தனியாகப் பேசுகிறாள் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் கலைமணி, அவளுக்கு ஆறு வயது இளையவள். கல்லங்காட்டுப்புதூர் அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும், வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஆண் ரிக் வண்டியில் போய், ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்துக்கொண்டு வருகிற ஊர். ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைத் தெரிந்தது கரியகாளியம்மனால்தான். அங்கே பூ கேட்பார்கள். பெண் பார்க்கலாமா, வீடு கட்டலாமா, வண்டி வாங்கலாமா என்று மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். பூசாரி திரைக்குப் பின்னால் போய் ஒரு வெள்ளை அரளியையும் ஒரு சிவப்பு அரளியையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டிக் கொண்டுவருவார். அம்மன் காலடியில் வைத்து எடுத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு நாம் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எடுக்காமல் விட்ட இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, பிரிப்பது தெய்வக் குற்றம். பூசாரி அதை அப்படியே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்.

எங்கள் அம்மன் வெள்ளையாகவே கொடுப்பாள். அதுதான் அவள் பெருமை. ஈரோட்டிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் காரில் வந்து இறங்குவார்கள். வெள்ளைப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி போவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது.

அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் என் அக்கா. கல்யாணத்துக்குப் பூ கேட்டாள், வெள்ளை. மகன் இளவழகன் வயிற்றில் இருந்தபோது கேட்டாள், வெள்ளை. எருமை வாங்க, ஓடு மாற்ற, பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதற்குக்கூடக் கேட்டாள். எல்லாம் வெள்ளை. ரிக் வண்டியில் இருந்த அவள் புருஷன் தனபால் மாமா ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கேட்காமல் விடமாட்டாள். "அம்மன் என்ற பக்கம் புள்ள. நான் கேட்டு அவ இல்லீன்னு சொன்னதில்ல" என்று என்னிடம் பீற்றிக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூவைக் கேட்டுத்தான் குழம்புக்கு உப்புப் போடுவாயா என்று நான் கேலி செய்தால் மூன்று நாள் பேசமாட்டாள்.

2011 ஆம் வருஷம், மாசி மாதம். மாமா மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்ப வேண்டும். உச்சி வேளையில் அக்காவுடன் கோயிலுக்கு நானும் போயிருந்தேன். வெயில் கல்லைப் பிளந்துகொண்டிருந்தது. எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. நாச்சிமுத்துப் பூசாரி பொட்டலங்களைக் கொண்டுவந்தார். அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

பதினாறு வருஷத்தில் முதல் தடவை. அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் நான் பார்த்தது பூசாரியை. அவர் கையிலிருந்த கற்பூரத் தட்டு கீழே விழுந்து உருண்டு தூணில் முட்டி நின்றது. அவர் அதை எடுக்கவில்லை. அந்தப் பூவையே பார்த்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தார். ஒரு சிவப்புப் பூவுக்கு ஒரு பூசாரி இப்படிப் பயப்படுவாரா என்று எனக்குத் தோன்றியது. இன்னொன்றும் கவனித்தேன். காலையில் பறித்துத் தட்டில் போட்டிருந்த வெள்ளை அரளியெல்லாம் வெயிலுக்குச் சுருண்டு கிடந்தது. அக்கா கையிலிருந்த சிவப்பு மட்டும் இப்போதுதான் செடியிலிருந்து ஒடித்தது மாதிரி இருந்தது. காம்பில் பால் கசிந்து அவள் விரலில் ஒட்டியது.

அக்காதான் முதலில் தேறினாள். "கை தவறி எடுத்துப்போட்டேனுங்க. இன்னொருக்காக் கட்டிக் குடுங்க."

"வேண்டாம் அம்முணி" என்றார் பூசாரி. 

"கட்டுங்கன்னு சொல்றனில்ல. நாளைக்கு வெடியால வண்டி கெளம்புது. கரியகாளி எனக்கு இல்லீன்னு சொல்லமாட்டா."

அவர் திரைக்குப் பின்னால் போனார். வர நேரமாயிற்று. இரண்டாவது தடவை எடுத்ததில் வெள்ளை வந்தது. அக்கா மூச்சு விட்டாள். பாருடி, நான் சொன்னேனில்லை என்பது போல என்னைப் பார்த்தாள். மாமா மறுநாள் காலை வண்டியேறினார்.

பத்தொன்பதாவது நாள், ஒரு கிராமத்தில் ரிக்கின் இரும்புக் கோபுரத்தைத் தூக்கி நிறுத்தும்போது அது மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. மாமா வண்டியில் கை வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தார். இளவழகனுக்கு அப்போது பதினான்கு வயது.

காரியம் முடிந்த அன்று அக்கா வீட்டில் இருந்த அம்மன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "வெள்ளையக் குடுத்து என்ற புருசனச் சாவுக்குத் தாட்டிவிட்டா. ஏமாத்துக்காரி" என்றாள். சிவப்பு வந்ததைப் பற்றி அவள் பேசவே இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. தாலி அறுத்தவளிடம் போய் நீ முதலில் எடுத்தது என்ன என்று எந்த வாயால் கேட்பது? அந்த ஒரு இடத்தில் என் வாயும் அடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அவள் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பால் சொசைட்டிக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். கோயில் வந்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு போவாள். சாமி இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லாதவளிடம் யார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்? அம்மன் அங்கே உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த முந்தானை.

பூசாரியும் மாறிப்போனார். ஊரில் யாருக்கும் அது உறைக்கவில்லை, எனக்கு உறைத்தது. அம்மனுக்கு முதுகு காட்டி நிற்கமாட்டார். கருவறைக்குள் தனியாக இருக்க வேண்டியிருந்தால் செல்போனில் ஏதாவது பாட்டைச் சத்தமாக வைத்துக்கொள்வார். ஒருமுறை அவர் உள்ளே அபிஷேகம் செய்துகொண்டிருந்தபோது நான் விபூதிக்காக வாசலில் நின்று, "ஏனுங்க" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டேன். மனுஷர் குடத்தைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். திரும்பி நான் என்று பார்த்த பிறகும், "உன்ற கொரலா அம்முணி" என்று இரண்டு தடவை கேட்டார். வேறு யார் குரலை எதிர்பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

இளவழகன் நல்லபடியாக வளர்ந்தான். ரிக்குக்கு அனுப்பவே மாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றதால் குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். அதிர்ந்து பேசாத பிள்ளை. என்னைச் சின்னம்மா, சின்னம்மா என்று சுற்றிச் சுற்றி வருவான். அம்மாவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு நாலு தடவை போன் பண்ணுவான். போன வருஷம் ஆடியில் தலைவலி என்று ஆரம்பித்தது. பிறகு தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டு வந்து, கை கால் இழுத்து விழுந்தான். சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் மூளையில் கட்டி.

டாக்டர் எதையும் மறைக்காமல் சொன்னார். எடுக்காவிட்டால் ஆறேழு மாதம். எடுத்தால் பிழைக்க வழி இருக்கிறது, ஆனால் அந்த இடம் மோசமான இடம், மேசையிலேயே போனாலும் போகலாம், பிழைத்தாலும் எதையாவது இழக்கலாம். வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அன்று செவ்வாய்.

மாமாவின் அண்ணன் கந்தவேல்தான் அந்தக் குடும்பத்துக்குப் பெரியவர். அவர் ஒரே பிடியாக நின்றார். "பூக் கேக்காமக் கையெழுத்துப் போடாதே, அத்தாயி. பன்னண்டு வருசமா மொறச்சுக்கிட்டது போதும். போய்க் கால்ல உழு. உன்ற வீம்புக்குப் பையனக் குடுத்துராதே."

அக்கா புதன்கிழமை காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சேலத்திலிருந்து ஊர் வந்து சேரும்வரை என் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. பன்னிரண்டு வருஷத்துக் கோபம், மகன் என்றதும் அரை நாளில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை ஆகிவிட்டது. பூசாரி மண்டபத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது, கண்ணில் புரை. அக்காவின் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினார்.

"அத்தாயியா?"

"நான்தானுங்க. பூக் கேக்கோணும். பையனுக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை. "ஆபரேசனுக்கா? கேள்விப்பட்டேன். நீ வருவீன்னு தெரியும். வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"ஏனுங்க?"

"நான் கட்டிக் குடுத்தா வெள்ளைதான் வரும் அம்முணி. எதை எடுத்தாலும் வெள்ளைதான். முப்பது வருசமா ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சுக் கட்டிக்கிட்டிருக்கறேன்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். பூசாரியாக வந்த இரண்டாம் வருஷம், வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் வந்து, ஓடிப்போன புருஷன் திரும்பி வருவானா என்று பூ கேட்டிருக்கிறாள். சிவப்பு வந்தது. அந்தப் பெண் அழவில்லை, கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். சத்தம் கேட்டு இவர் ஓடிப் பார்த்தால் கோயில் கிணற்றில் கிடந்தாள். "அதுக்கப்புறம் என்ற கையால ஒருத்தருக்கும் சிவப்புக் கட்டறதில்லீன்னு வெச்சுக்கிட்டேன். கேக்க வர்றவீங்க எல்லாம் மனசுல முடிவு பண்ணிக்கிட்டுத்தான் வர்றாங்க. சந்தோசமாப் போகட்டுமே. நந்தவனத்துல இருந்த செவ்வரளியவும் வேரோட புடுங்கிப் போட்டேன்."

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள். "பொய்யி. எனக்குச் சிவப்பு வந்துச்சு."

"வந்துச்சு" என்றார் பூசாரி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "அன்னைக்கும் ரெண்டும் வெள்ளைதான் அத்தாயி. நானே பறிச்சு, நானே மடிச்சுக் கட்டினேன். நீங்க போனதும், மொதத் தடவை நீ எடுக்காத பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தேன். அதுல வெள்ளை இருந்துச்சு. உன்ற கைக்கு வந்தது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டாந்தடவை கட்டுங்கன்னு சொன்னியே, அப்பத் திரைக்குப் பின்னால யாரோ என்ற தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டே நின்னாங்க. மூச்சுக் காத்துக் கழுத்துல பட்டுச்சு. நான் திரும்பல. திரும்பாமயே மறுபடியும் ரெண்டு வெள்ளையக் கட்டிக் குடுத்தேன். அந்த மூச்சு இன்னும் உள்ளதான் இருக்குது."

நான் அங்கே நிற்கவில்லை. நந்தவனத்துக்குப் போய்ப் பார்த்தேன். கிணற்றைச் சுற்றி வரிசையாக அரளி. இருபது வருஷமாக நான் பார்க்கிற செடிகள், பிள்ளைகளை அழைத்துப் போய் எண்ணக் கற்றுக்கொடுத்த செடிகள். ஒன்றுவிடாமல் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. சிவப்பில் ஒரு மொட்டுக்கூட இல்லை. அந்த வெயிலில் எனக்கு உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. என் அக்கா கல்யாணத்திலிருந்து வாங்கிய அத்தனை உத்தரவும் இந்தக் கிழவர் கொடுத்தது. அம்மன் அவளிடம் பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அதைத்தான் அவள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குப் புரிந்தது அவளுக்கும் புரிந்திருக்கும். அழுது புரளப் போகிறாள் என்று பயந்துகொண்டே திரும்பி வந்தேன். அவள் கருவறைக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதோடு சொன்னேன். "அக்கா, நான் திருச்செங்கோடு போய்ச் செவ்வரளி வாங்கியாறேன். அரை மணி நேரம். நானே கட்டறேன், ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. இந்தத் தடவை மெய்யாலுமே கேக்கலாம். அன்னைக்குச் சொன்னாள்ல, இன்னைக்கும் சொல்லுவா."

"சிவப்பு வந்தா?"

"ஆபரேசன் வேண்டாம்."

"இல்ல புள்ள. சிவப்பு வந்தா இன்னொருக்காக் கேப்பேன். வெள்ளை வர்ற மட்டும் கேட்டுக்கிட்டே இருப்பேன். அன்னைக்கும் அதைத்தான பண்ணினேன். எனக்கு வேணும்ங்கறதச் சொல்ல வெக்கறதுக்கு ஒரு சாமி. அப்ப நான் இத்தனை வருசம் கும்புட்டது இவளையா, அந்தப் பூவையா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பையன் அங்கே சாகக் கிடக்கிறான், இவள் இங்கே ஞாயம் பேசுகிறாள். "அப்ப எதுக்கு வந்தே? காப்பாத்துன்னாவது கேளு. வாயத் தொறந்து கேட்டாத்தான் என்ன" என்று கத்திவிட்டேன்.

"என்ற மனசுல இருக்கறது அவளுக்குத் தெரியாதா? பன்னண்டு வருசமாப் பாக்கல. கொஞ்ச நேரம் பாத்துட்டு வாரேன், நீ போய் வண்டிய எடு."

நான் போகவில்லை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்துகொண்டேன். காற்று நின்றுபோயிருந்தது. உள்ளே அவள் ஏதோ மெதுவாகப் பேசுவது கேட்டது. பேசினாள், நிறுத்தினாள். எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பவள் மாதிரி அவ்வளவு நேரம் நிறுத்தினாள். பிறகு, "ஆமா" என்றாள். தூணடியில் இருந்த பூசாரி தலையை மெதுவாக உள்பக்கம் திருப்பிக் காது கொடுத்தார். அவருக்கு மட்டும் என்ன கேட்டதோ, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். எனக்கு அவள் குரலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். ஆனால் படியிலேயே இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை அவளே கையெழுத்துப் போட்டாள். பூ என்ன வந்தது என்று கந்தவேல் மாமா கேட்டார். "பூக் கேக்கலீங்க மாமா" என்றாள். அவர் அதோடு ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஒன்பது மணி நேரம் ஆபரேஷன். பையன் பிழைத்துக்கொண்டான். ஐந்தாம் நாள் எங்களை உள்ளே விட்டார்கள். தலை முழுக்கக் கட்டு, முகம் வீங்கியிருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, "சின்னம்மா" என்றான். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் என் பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தான். அதே தெளிவான கண். யாரோ பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி மரியாதையாகப் பார்த்தான்.

"நீங்க உக்காருங்க. ஏன் நின்னுக்கிட்டே இருக்கறீங்க?" என்றான்.

என் அக்கா பெற்ற பிள்ளை அவளை வாங்க போங்க என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் அவன் கையைப் பிடித்து, "அம்மா சாமி, உன்ற அம்மா" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சங்கடமாகச் சிரித்தான். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறான். அப்பாவை நினைவிருக்கிறது. பட்டறை முதலாளியை நினைவிருக்கிறது. எங்கள் வீட்டு எருமையைக்கூட நினைவிருக்கிறது. அம்மா இருந்த இடத்தை மட்டும் யாரோ கத்தரித்து எடுத்த மாதிரி காலியாக இருந்தது. சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், ஏன் இது மட்டும் போயிற்று என்று தனக்கும் தெரியவில்லை என்றார்.

ஊருக்கு வந்த பிறகு ஆளுக்கொரு நாக்கு. அம்மன் பிள்ளையைக் கொடுத்தாள் என்றார்கள், கொடுத்த மாதிரிக் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டாள் என்றும் அவர்களேதான் சொன்னார்கள். அதற்குள் பூசாரி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பொட்டலச் சங்கதியைச் சொல்லிவிட்டார். அடிக்காத குறைதான். இனி இரண்டு நிறமும் நிஜமாகவே கட்டலாம் என்று முடிவு செய்து, புதிதாகச் செவ்வரளி வாங்கிவந்து நட்டார்கள். மூன்றே வாரத்தில் நாலைந்து பேருக்குச் சிவப்பு வந்தது. அவ்வளவுதான், கார் வருவது நின்றது. எங்கள் ஊர்க்காரர்களே வேறு கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்கள். சக்தி போய்விட்டதாம். இந்த ஊரில் கூடிய கூட்டம் யாரைக் கும்பிடக் கூடியது என்று அப்போதுதான் எனக்கே வெளிச்சமாயிற்று. பூசாரி தை மாதம் படுத்த படுக்கையில் போனார், கஷ்டப்படாமல் போனார். கடைசிப் பத்து நாளும் செல்போன் பாட்டு இல்லாமல் தூங்கினார் என்று அவர் மருமகள் சொன்னாள்.

இப்போது உச்சி வேளையில் அந்தக் கோயிலுக்குப் போகிற ஒரே ஆள் என் அக்கா. எதிர்காற்று அடித்தால் அவள் பேசுவது அங்கன்வாடி வரைக்கும் வரும். பேசுவாள், நிறுத்துவாள், பேசுவாள். ரோட்டில் போகிறவர்கள் நடையை எட்டிப் போடுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பது இரண்டு பேர் போலத் தெரிகிறது என்று பால்காரி ஒருத்தி கிளப்பிவிட்டாள். நான் அவளை நன்றாகத் திட்டி அனுப்பினேன். ஆனால் பங்குனியில் ஒருநாள் எனக்கே தாங்கவில்லை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன்.

"புருசனும் போயாச்சு, இருக்கற புள்ளைக்கும் உன்னைத் தெரியல. இன்னும் இவகிட்ட என்ன இருக்குதுன்னு வந்து உக்காந்துக்கிட்டிருக்கறே?" என்றேன். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

அவள் என்னை உட்காரச் சொன்னாள். "பையனுக்கு நான் தெனமும் சோறு போடறேன். யாரோன்னு நெனச்சுக்கிட்டுத்தான் திங்கறான். திங்கட்டும். எனக்கு அவனைத் தெரியுமில்ல, அது போதும். ராவானா அவன் தூங்கறதப் பாத்துக்கிட்டே இருப்பேன். அப்பத்தான் புள்ள எனக்கு ஒறச்சுது. பன்னண்டு வருசம் நான் மூஞ்சிய மூடிக்கிட்டு இந்த வழியாப் போனேனே, இவளுக்கு எப்படி இருந்திருக்கும்? இவ எங்கயும் போகல. இங்கயேதான் உக்காந்திருந்தா."

 அவளோடு சேர்ந்து நானும் அந்த முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கழுத்தின் பின்னால், முடி முடிகிற இடத்தில், இளஞ்சூடாக ஏதோ பட்டுப் போனது. காற்றில்லாத மத்தியானம் அது. பூசாரி மாதிரி நானும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்குப் பயமாக இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

அன்று பொழுது சாய அக்கா வீட்டுக்குப் போனேன். இளவழகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்கா உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தி என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"சின்னம்மா, உங்களை ஒண்ணு கேக்கோணும். இந்த அம்மா ஆருங்க? நான் கண்ணு முழிச்ச நாள்லருந்து எனக்கு எல்லாம் பண்றாங்க. திருப்பி ஒண்ணுமே கேக்கமாட்டேங்கறாங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க."

நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அக்கா தோசைக் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள், அந்த வீடு அவ்வளவு சின்னது.

"இன்னொன்னு வெக்கட்டுமா சாமி?" என்றாள்.

"வெய்யுங்க" என்றான் அவன், தட்டை நீட்டி.